ரேவின் எழுதாமல் விட்ட வரி

ரேவின் பிக்கெட்டுக்குப் பொறாமை வந்தால் சாப்பாடு இறங்காது, தூக்கம் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகச் சாப்பிடுவாள், படுத்ததும் தூங்குவாள். கண்ணாடிக் குடுவைகளைத்தான் விடமாட்டாள். ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி மறுபடி கழுவுவாள். பாமர்ஸ்டன் நார்த் என்ற ஊரில் இருந்த அந்தப் பால் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுடைய குடுவைகளைப் போலப் பளபளத்தவை வேறு யாரிடமும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். கழுவுவதற்குக் காரணங்கள் வந்துகொண்டே இருந்தன.

மலைக்கு அந்தப் பக்கம் பாஹியாட்டுவாவில் பிறந்தவள். அப்பா பால் பவுடர் தொழிற்சாலையில் மூட்டை தைத்தார். அக்கா ஷோனா படிப்பில் கெட்டி என்பதால் வெலிங்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள்; இரண்டாவது பெண்ணுக்குக் காசும் இல்லை, படிக்கிறாயா என்று யாரும் கேட்கவும் இல்லை. பதினாறு வயதில் ரேவின் பள்ளியை விட்டுவிட்டு, பண்ணை பண்ணையாக வந்த பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்கும் வேலைக்குப் போனாள். ஷோனா டாக்டரான அன்று வீட்டில் விருந்து. எல்லோரும் ஷோனாவைத் தலைமேல் தூக்கி வைத்து ஆட, ரேவின் அடுக்களையில் நின்று ஒரு தட்டு விடாமல் கழுவி முடித்தாள். பழக்கம் அங்கே ஆரம்பித்திருக்க வேண்டும்.

பால் டாங்கர் லாரி ஓட்டும் நெவிலைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பையன்கள் பிறந்து, வளர்ந்து, இரண்டு பேருமே கடல் தாண்டிப் பெர்த்துக்குப் போய்விட்டார்கள். முப்பத்தைந்தாவது வயதில் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தவளுக்கு இப்போது ஐம்பத்தேழு.

அவள் வேலை இதுதான். மஞ்சளில் இருக்கும் சத்து உடம்புக்கு நல்லது என்று உலகமெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் அது தண்ணீரில் கரையாத பிடிவாதக்காரச் சத்து. அப்படியே விழுங்கினால் உடம்பில் ஒட்டாமல் வெளியே போய்விடும். பாலில் உள்ள புரதமோ இயற்கையாகவே குட்டிக் குட்டி உருண்டைகளாக மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஐந்நூறு உருண்டைகளை வரிசையாக நிறுத்தலாம். கன்றுக்கு வேண்டிய கால்சியத்தை மாடு அந்த மூட்டையில்தான் கட்டிக் கொடுக்கிறது. அந்த மூட்டையைச் சற்றே தளர்த்தி, உள்ளே மஞ்சள் சத்தை வைத்து, திரும்பக் கட்டிவிட்டால், கரையாத சத்து பாலோடு பாலாக உள்ளே போய்விடும். சொல்வது சுலபம். செய்தால், பத்தில் எட்டு தடவை மூட்டைக்குள் போகாமல் மஞ்சள் பொடி அடியில் உட்கார்ந்துகொள்ளும். ரேவின் கையால் செய்தால் மட்டும் உட்காராது. சுழற்றும் இயந்திரத்தில் போட்டு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கண்ணாடிக் குழாயின் அடி சுத்தமாக இருக்கும். பால் மட்டும் சாமந்தி நிறத்தில் நிற்கும்.

அதற்கு ஒரு ரகசியம் இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பண்ணையிலிருந்து வந்த பாலைக் குளிரறையில் வைத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கப் போகும் நேரத்தில், நெவில் லாரிப் படியிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டதாகப் போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினாள். மறுநாள் காலையில் வந்தவளுக்கு அந்தப் பாலைக் கொட்ட மனசு வரவில்லை. அதிலேயே செய்தாள். அதுவரை வராத அளவுக்குச் சுத்தமாக வந்தது. நாலு டிகிரிக் குளிரில் ஒரு முழு ராத்திரி இருந்தால்தான் உருண்டை போதுமான அளவு தளர்கிறது. பிறகு மெல்லச் சூடாக்கினால் சத்தை உள்ளே வைத்துக்கொண்டு மூடிக்கொள்கிறது. குளிரில் பால் புரதம் கொஞ்சம் தளரும் என்பது புத்தகத்தில் இருக்கும் விஷயம்தான். எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் காலை ஏழு மணிக்கே வருகிறவள். முந்தின நாள் பாலில் வேலையை ஆரம்பிப்பது யார் கண்ணிலும் உறுத்தவில்லை. குறிப்பேட்டில் 'குளிரறைப் பால்' என்று எழுதினாள். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஆராய்ச்சிக் கட்டுரை அச்சில் வரும்போது மேலே, செய்தவர்கள் வரிசையில், தன் பெயர். அவள் கைபட்ட பதினான்கு கட்டுரைகள் வந்துவிட்டன. பதினான்கிலும் கடைசிப் பக்கத்தில், பணம் கொடுத்தவர்களுக்கும் இயந்திரம் இரவல் தந்தவர்களுக்கும் நடுவில், பொடி எழுத்தில் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். மேலே பெயர் போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேருக்குப் பாலைக் காய்ச்சக்கூடத் தெரியாது என்பது அவள் அபிப்பிராயம். அதில் தப்பும் இல்லை.

இந்த நிலைமையில்தான், ஆகஸ்டில் மாடுகள் கன்று போட ஆரம்பித்த சமயம், மெரெயானா வந்து சேர்ந்தாள்.

மெரெயானா தமாதேயாவுக்கு நாற்பத்தொரு வயது. தாரனாக்கிப் பக்கம் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தனியாக வந்தவள். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்துப் பட்டம் வாங்கியிருந்தாள். வந்த இரண்டே வாரத்தில், யார் வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்பது வரை அவளுக்குத் தெரிந்திருந்தது. மாவோரி வீட்டு வழக்கப்படி, தன்னைவிடப் பெரிய பெண்களை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள்.

"ஆன்ட்டி, இந்தத் தராசு ஏன் ஆடிக்கிட்டே இருக்கு?" என்று முதல் நாளே கேட்டாள்.

"என் பேரு ரேவின்."

"தெரியும் ஆன்ட்டி. கதவுல எழுதியிருக்கே."

ரேவினுக்குக் காதில் புகை வந்தது. பதினாறு வயசு வித்தியாசத்துக்கு ஆன்ட்டியாம்!

வெள்ளிக்கிழமை தேநீர் வேளைக்கு ஆளுக்கொரு தட்டு கொண்டுவருவது அங்கே வழக்கம். ரேவினுடைய சீஸ் ஸ்கோன்கள்தான், குட்டி பன் மாதிரி சுட்டவை, இருபது வருஷமாக முதலில் காலியாகும். மெரெயானா வந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை, எண்ணெயில் பொரித்த ரொட்டியை ஒரு பெரிய துணியில் சுற்றி, சூடு ஆறாமல் கொண்டுவந்தாள். கூடவே ஒரு டின் சர்க்கரைப் பாகு. பகுதித் தலைவர் டாக்டர் ஃபர்கஸ் ஹேடோ நாலு ரொட்டி சாப்பிட்டார். சட்டையில் பாகு வழிந்ததுகூடத் தெரியவில்லை மனுஷனுக்கு. அன்று ரேவின் ஒன்பது ஸ்கோன்களை டப்பாவில் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனாள்.

"எனக்கு லாபம்," என்றான் நெவில், டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு. "அந்தப் பொம்பள அடிக்கடி ரொட்டி போடட்டும்."

"நீயும் அவ கட்சியா? போய் அங்கயே தின்னு."

"ஏம்மா, ரொட்டிதானே! அது என்ன உன் சொத்தையா எழுதி வாங்கிட்டுப் போச்சு?"

ரேவின் ஸ்கோன் டப்பாவைக் கழுவினாள். உள்ளே இன்னும் ஸ்கோன் இருந்தது என்று நெவில் கத்திய பிறகுதான் நிறுத்தினாள்.

செப்டம்பர் கடைசியில் ஃபர்கஸ் அவர்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மஞ்சள் உருண்டைகளைப் பற்றிப் பெரிய கட்டுரை ஒன்று எழுதப் போவதாகச் சொன்னார். மெல்பர்னில் இதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கவும் ஒரு குழு தயாராக இருக்கிறதாம்.

"ரேவின், இந்தத் தடவை உங்க பேரு மேலதான் வரப் போகுது. எப்பவோ செஞ்சிருக்கணும். என் தப்புதான்," என்றார்.

ரேவினுக்கு ஒரு நிமிஷம் காது அடைத்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"வரிசை எப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

"நான், அப்புறம் மெரெயானா, அப்புறம் நீங்க. வேறொரு கையும் செஞ்சு அதே மாதிரி வரணும்னு பத்திரிகைக்காரங்க கேக்கறாங்க. மெரெயானாதான் அதைச் செய்யப் போறாங்க. அளவெடுக்கறது, கணக்கு, வரைபடம் எல்லாமும் அவங்கதான். அதனால ரெண்டாவது."

வந்த அழுகை அப்படியே உள்ளே போய்விட்டது. வந்து முழுசாக ஏழு வாரம் ஆகவில்லை, இவள் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால்! அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஃபர்கஸ் அதைக் கவனிக்கவில்லை. அவர் எதைத்தான் கவனித்தார்?

"செய்முறையை ஒண்ணு விடாம எழுதி மெரெயானாகிட்ட குடுத்துடுங்க," என்றார்.

"ஆன்ட்டி பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா நல்லா இருக்குமே," என்றாள் மெரெயானா.

"அது கூடாது. எழுதினதை மட்டும் பாத்துச் செய்யணும். அப்பதான் கணக்குல சேரும்."

ரேவினுடைய அம்மா விவசாயக் கண்காட்சியில் பஞ்சுக் கேக்குக்கு எட்டு வருஷம் முதல் பரிசு வாங்கியவள். செய்முறை கேட்டு வருகிற பெண்களுக்கு இல்லை என்று சொல்லவே மாட்டாள். அழகான கையெழுத்தில், அட்டையில் எழுதிக் கொடுப்பாள். ஒரே ஒரு சாமான் அதில் இருக்காது. அந்த ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான் கொடுத்தார்கள், அப்படித்தான் வாங்கினார்கள். அதைக் குற்றம் என்று யாரும் நினைத்ததில்லை. வாங்கிப் போனவளின் கேக் தட்டையாகச் சரிந்தால், "உன் அடுப்பு சரியில்லை போல" என்று பரிதாபப்படுவதும் வழக்கத்தில் சேர்த்தி.

ரேவின் இரண்டு நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். கொழுப்பு நீக்கிய பால் இவ்வளவு. நாலு டிகிரிக்குக் குளிர வைக்கவும். மஞ்சள் சத்தைச் சாராயத்தில் கரைத்து, சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும். முப்பத்தேழு டிகிரி வரை மெல்லச் சூடாக்கவும். பதினெட்டு வரிகள். நாலு டிகிரியில் ராத்திரி முழுக்க வைக்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அச்செடுத்து ஒருதரம் படித்துப் பார்த்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மெரெயானா பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் வளர்ந்த கை. அங்கே பாலை நிற்க வைப்பது பாவம். வந்த பாலை வந்த சூட்டோடு வேலையில் இறக்க வேண்டும். அதனால் மத்தியானம் பண்ணையிலிருந்து பால் வந்ததும், பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து அரைமணியில் நாலு டிகிரிக்குக் கொண்டுவந்து, உடனே ஆரம்பித்துவிடுவாள். எழுதியிருந்ததை அட்சரம் பிசகாமல் செய்தாள். சுழற்றும் இயந்திரத்திலிருந்து எடுத்தால் குழாய்க்கு அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மஞ்சள் வண்டல்.

மறுபடி செய்தாள். மறுபடி வண்டல். அக்டோபர் முழுவதும் செய்தாள். காற்று கட்டடத்தைப் போட்டு உலுக்கியது, மலைமேல் காற்றாலைகள் ஓயாமல் சுற்றின, மெரெயானாவும் ஓயாமல் செய்தாள். ரேவினுக்கு அந்த மாதம் போல ஒரு மாதம் வாய்த்ததில்லை. ஒரு குடுவையைக்கூட இரண்டாம் தடவை கழுவவில்லை.

"ஆன்ட்டி, எங்க தப்பு பண்றேன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்," என்று ஒருநாள் மெரெயானா வண்டல் குழாயோடு வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"எழுதினபடிதானே செய்யற?"

"தூக்கத்துல கேட்டாலும் பதினெட்டு வரியையும் சொல்லுவேன்."

"அப்ப கைதான். சில கைக்கு வராது. வருத்தப்படாதே."

மெரெயானா குழாயையே பார்த்தாள். "என் பெரியவ கேட்டா. அம்மா, நீ படிச்சது போதாதாம்மான்னு. பழைய வேலைக்கே போயிடலாமான்னு யோசிக்கிறேன் ஆன்ட்டி. அங்க நான் இவ்வளவு முட்டாளா இருந்ததில்ல."

ரேவினுக்கு உள்ளே எதுவோ சுருக்கென்றது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்கும் மேலே ஒரு சந்தோஷம் இருந்தது. போனால் போகட்டும் என்ற சந்தோஷம். அவள் மெரெயானாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

நவம்பர் முதல் வாரம் ஃபர்கஸ் ரேவினை மட்டும் கூப்பிட்டார். மேஜைமேல் அவளுடைய பழைய குறிப்பேடுகள் வேண்டும் என்று எழுதிய ஒரு தாள் இருந்தது.

"உக்காருங்க ரேவின். எனக்கு இதைக் கேக்கவே கஷ்டமா இருக்கு. மெரெயானா இருபத்தாறு தடவை செஞ்சாச்சு. ஒண்ணுகூட வரல."

"அவ கை..."

"கைன்னு எழுத முடியாது. ஒருத்தர் கைக்கு மட்டும்தான் வரும்னா, அது வரலைன்னுதான் அர்த்தம். மெல்பர்ன்ல கேக்கறாங்க, பழைய பதினாலு கட்டுரையில இருக்கற எண்ணெல்லாம் நிஜமான்னு."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"நான் எண்ணை மாத்தி எழுதினேன்னு நினைக்கிறீங்களா?"

"நான் நினைக்கல," என்றார் ஃபர்கஸ். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. "குறிப்பேடு எல்லாத்தையும் மேல அனுப்பச் சொல்றாங்க. கட்டுரையை நிறுத்தி வெச்சிருக்கேன்."

தன்னால் மட்டும்தான் முடியும் என்று ஊர் சொல்ல வேண்டும் என்பதுதானே அவள் ஆசைப்பட்டது? சொல்லிவிட்டார்கள். அதனாலேயே அவளைப் பொய்க்கணக்கு எழுதியவள் என்றும் சொல்லப் போகிறார்கள்.

வீட்டுக்குப் போய் நெவிலிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் லாரிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"உங்கம்மா கேக் கதையை ஆபீஸ்லயும் நடத்திட்டியா!" என்றான். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"சிரிக்காதே. வயித்தெரிச்சலைக் கிளப்பாதே."

"போய்ச் சொல்லிடு. ஒரு வரி விட்டுப்போச்சுன்னு சொன்னா தீந்துது."

"பதினொரு வருஷமா செய்யறது எப்படி விட்டுப்போகும்? சின்னப் பிள்ளைகூட நம்பாது. வேணும்னு விட்டேன்னு தெரிஞ்சா பேரும் போகும், வேலையும் போகும்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"அவளுக்கு என்ன கேடு? எல்லாரும் அவளுக்குத்தான் பாவம் பாக்கறாங்க," என்றாள் ரேவின்.

ஆனாலும் ஒரு வழி கண்டுபிடித்தாள். மறுநாள் மத்தியானம் மெரெயானா பாலைக் குளிர வைத்து, சொட்டு விடும் குழாயைக் கையில் எடுத்தபோது, ரேவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன் சின்னவளுக்கு இன்னிக்கு நெட்பால் விளையாட்டுன்னு சொன்னியே?"

"ஆமா. எங்க போறது? இது கெடக்கே."

"பாலை அப்படியே குளிரறையில வெச்சுட்டுக் கெளம்பு. ஓடியா போகப் போகுது? இருபத்தாறு தடவை வராதது இன்னிக்கா வரப் போகுது?"

"பாலை நிக்க வெச்சா என் பழைய சூப்பர்வைசர் என்னைக் கொன்னுடுவாரு."

"அவர் இங்க இல்ல. நான்தான் இருக்கேன். போ, பிள்ளை பார்த்துக்கிட்டு நிக்கும்."

மெரெயானா ரேவினைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தங்கமான மனசு ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டு ஓடினாள். ரேவின் அந்தப் பாலைத் தானே எடுத்துப் போய், நாலு டிகிரியைச் சரிபார்த்து வைத்தாள். காலையில் மெரெயானா செய்வாள், சரியாக வரும், ஏதோ ஒருவழியாகக் கை படிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், பழைய எண்களும் தப்பிக்கும். யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

வந்தது. குழாயின் அடி துடைத்துவிட்டது போல இருந்தது. மெரெயானா போட்ட கூச்சலில் பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

ரேவின் போட்ட கணக்கில் ஒன்று பிசகிவிட்டது. மெரெயானாவை அவள் குறைத்து எடைபோட்டிருந்தாள். கை படிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு நிற்கிற ஆளில்லை அவள். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். ஒரே பாலை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியில் அன்றே செய்தாள், மறுபாதியில் மறுநாள் செய்தாள். பிறகு இரண்டு மணி, நாலு மணி, எட்டு மணி, பதினாலு மணி என்று வைத்துப் பார்த்தாள். ரேவின் பதினொரு வருஷத்தில் செய்து பார்க்காததை மெரெயானா ஒன்பது நாளில் செய்து, அழகான ஒரு கோடாக வரைந்து, ஃபர்கஸ் மேஜையில் வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஃபர்கஸே பெரிய சாக்லேட் கேக் வாங்கிவந்தார். தேநீர் அறையில் இருபது பேர் இருந்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றார், கோப்பையைத் தட்டி. "மெரெயானா ஒரு விஷயம் கண்டுபிடிச்சிருக்காங்க. எல்லாம் அந்த ஒரு ராத்திரிக் குளிர்லதான் இருக்கு. ரேவினுக்கு இவ்வளவு நாளா வந்ததும் அதனாலதான். முந்தின நாள் பாலை எடுத்திருக்காங்க, அவங்களுக்கே தெரியாம! கட்டுரையில மெரெயானா பேருதான் முதல்ல. நான் ரெண்டாவதா போறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவங்களுக்கே தெரியாம! ரேவினுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. கையில் இருந்த தட்டை மேஜையில் வைத்தாள். இல்லையென்றால் கீழே போட்டிருப்பாள்.

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல," என்றாள் மெரெயானா, முகம் சிவந்து. "அன்னிக்கு ஆன்ட்டிதான் என் பொண்ணு விளையாட்டுக்குப் போன்னு என்னை விரட்டினாங்க. அவங்க மனசுதான் காரணம்."

"அப்படிப் போடு! ரேவினோட நல்ல மனசுக்குக் கட்டுரையில தனியா நன்றி சொல்லிடுவோம்," என்றார் ஃபர்கஸ். எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெயர் மூன்றாவதாக இருந்திருக்கும். பழைய எண்கள் நிஜம் என்று ஆகிவிட்டது, சந்தேகம் போய்விட்டது. நல்லவள் என்ற பட்டம் வேறு. எதையும் கேட்காமலே எல்லாம் கிடைத்திருந்தது. ஆனால் அது அவளுடையது. பதினொரு வருஷம் வயிற்றில் வைத்துக் காத்தது. அதை இன்னொருத்தி பெயரில் கேக் வெட்டிக் கொண்டாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"எனக்கு நல்ல மனசு ஒண்ணும் கிடையாது," என்றாள் சத்தமாக. "எனக்குத் தெரியாமலும் இல்ல. பதினொரு வருஷமாத் தெரியும். நெவில் காலை ஒடைச்சுக்கிட்ட அன்னியிலேர்ந்து தெரியும். ராத்திரி முழுக்க நாலு டிகிரி. அது நான் கண்டுபிடிச்சது."

சிரிப்பு நின்றது.

"அப்ப செய்முறையில?" என்றார் ஃபர்கஸ்.

"வேணும்னுதான் விட்டேன்."

"ஏன்?"

"அவ பேரை எனக்கு முன்னாடி போட்டீங்க."

யாரோ கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. மெரெயானாவின் விரல்கள் மடங்கி நீண்டன, எதையோ எண்ணுவது போல. வீணாய்ப் போன வாரங்களை எண்ணியிருப்பாள்.

அரைமணி கழித்து மூவரும் ஃபர்கஸ் அறையில் இருந்தார்கள். அவர் இவ்வளவு கோபப்பட்டு ரேவின் பார்த்ததில்லை.

"உங்களை வேலையை விட்டுப் போகச் சொல்லலாம். சொல்லப் போறதில்ல, ஏன்னா பாதித் தப்பு என்னோடது. ஆனா பேரு? செய்முறையில வேணும்னே ஒரு வரியை மறைச்சவங்க பேரை நான் எப்படி மேல போடறது?" அவர் மெரெயானா பக்கம் திரும்பினார். "வீணாப் போனது உங்க உழைப்பு. நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் அப்படியே செய்யறேன்."

இருபத்திரண்டு வருஷ ஆசை, போயும் போயும் இவள் வாயில் வந்து நின்றது. ரேவின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்ச மனசு வரவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை மஞ்சள் வண்டல் போல அடியிலேயே உட்கார்ந்துகொண்டது.

"நான் முட்டாள்னு என் பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன்," என்றாள் மெரெயானா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "ஊருக்குத் திரும்பிடலாம்னு சொன்னேன். மூணு பேரும் துணியை எடுத்து வெச்சுட்டாங்க. நடுப் பொண்ணு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துடுச்சு."

ஃபர்கஸ் கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார்.

"பேரைப் போடுங்க," என்றாள் பிறகு. "முதல்ல போடுங்க. கண்டுபிடிச்சது அவங்கதான். நான் அளந்தேன், அவ்வளவுதான். என் பேரு எங்க வருதோ வரட்டும்."

சொல்லிவிட்டு எழுந்தாள். ரேவினைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கப் பிரயாசைப்படவும் இல்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

நியாயமாகப் பார்த்தால் ரேவினுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, பிற்பாடு, பல நாள் வந்தது. அந்த நிமிஷத்தில் முதலில் வந்தது அதுவல்ல. இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு இப்படி எழுந்து போக இவளால் மட்டும் எப்படி முடிகிறது என்று வயிறு பற்றி எரிந்தது. தனக்கு அது வராது. எத்தனை வருஷம் குளிரில் வைத்தாலும் வராது.

ஃபர்கஸ் பேனாவை எடுத்து, தாளில் எல்லாப் பெயர்களுக்கும் மேலே ரேவின் பெயரை எழுதினார். தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துடுங்க."

"சரியா இருக்கு," என்றாள் ரேவின். அவள் தாளைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தைக் கடந்து, காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டு மெரெயானா போய்க்கொண்டிருந்தாள்.